வெள்ளம் இறக்கிவைத்தது

என் பெரியம்மா கெல்லிமி பிறந்தது ஒரு பாறைக் குடைவில். மழை பொய்த்த வருஷம் அது. ஆடுகளுக்குப் புல் தேடிக் குடும்பமே எரிமலை மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. அந்தக் குடைவின் சுவரில் எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கிய மாடுகள் இருக்கின்றன. நீண்ட கொம்பு, நிறைந்த மடி. கொஞ்சம் தள்ளி ஒரு யானைகூட உண்டு. பாலைவனத்தின் நடுவே இருக்கும் எங்கள் திபெஸ்தி மலையில் யானையைப் பார்த்தவர் எவரும் இல்லை. மாடு கட்டுமளவுக்குப் புல்லும் இல்லை. பெரியம்மா அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"நான் பொறந்தப்ப பக்கத்துல மாட்டு மந்தையே நின்னுச்சு. ஒரு சொட்டுப் பால்தான் கிடைக்கல."

ஒல்லியான உடம்பு, உயரமும் இல்லை. ஆனால் அவள் வாய்க்கு எங்கள் தூரோ பள்ளத்தாக்கு முழுவதும் பயப்படும். இடது கையில் முழங்கைக்கு மேலே கத்தி கட்டியிருப்பாள். எங்கள் பெண்கள் பலரும் கட்டுவதுதான், ஆனால் அவள் அதை உருவியும் இருக்கிறாள். வாய்க்கால் முறையில் தன் பங்குத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பக்கத்துத் தோட்டக்காரர் சுகுமியை ஏற்றக்கால் வரை விரட்டிப் போனாள். அவர் ஏற்றத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இறங்கமாட்டேன், தண்ணிய நீயே வச்சிக்க" என்று கத்தினாராம். பிறகு அந்த இரண்டு குடும்பங்களும்தான் பள்ளத்தாக்கிலேயே நெருக்கமானவை.

கணவர் கோரெய் நல்ல மனிதர். வடக்கிலிருந்து படை வந்து எங்கள் மலையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. படை திரும்பிப் போகும்போது எரிமலை மேட்டுக்கு ஏறும் கணவாய் முழுக்கக் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனது. யாருக்காகப் புதைத்தார்கள் என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. எதிரிப் படை அந்த வழியில் வரவே இல்லை. கோரெய்தான் போனார். மேட்டில் மழை பெய்து புல் முளைத்திருப்பது கீழேயிருந்தே பச்சையாகத் தெரிந்தது. ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு மேலே ஏறினார். சத்தம் மட்டும்தான் கீழே வந்தது. உடலை எடுக்கவும் ஆள் போக முடியவில்லை. கழுகுகள் இறங்குவதைக் கீழே நின்று பார்த்தோம்.

அதன்பின் யாரும் கணவாய்க்குப் போகவில்லை. மேட்டுப் புல் எங்களுக்கு இல்லை என்று ஆனது. ஆடுகள் பாதியாகக் குறைந்தன. பெரியம்மா தன் மகள் மினேயை இடுப்பில் கட்டிக்கொண்டு பேரீச்சைத் தோட்டத்தில் இறங்கினாள். ஏற்றம் இறைத்தாள், பாளைக்கு மகரந்தம் கட்டினாள், மரத்தடியில் கோதுமை போட்டாள். பஞ்சம் வந்தபோது பாலையில் படரும் குமட்டிக் காயின் விதையைக் கசப்புப் போகச் சாம்பலில் கொதிக்கவைத்து, அலசி, இடித்துப் பேரீச்சம்பழத்தோடு பிசைந்து கொடுத்து மகளை வளர்த்தாள். யாரிடமும் கடன் கேட்டதில்லை, அழுது யாரும் பார்த்ததில்லை.

மினேயைக் கட்டியவன் வார்துகு. எங்கள் நாட்டுப் படையில் இருந்து திரும்பியவன். அதிகம் பேசமாட்டான். எங்கள் வழக்கப்படி மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவள் எதிரே உண்ணக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. அவள் வருவது தெரிந்தால் தலைப்பாகைத் துணியை மூக்கு மறைய இழுத்துவிட்டுக்கொண்டு வேறு வழியில் போய்விட வேண்டும். பெரியம்மாவும் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பி நிற்பாள். அவர்களுக்கு நடுவில் யாராவது இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது நான்தான். கல்லை வட்டமாக அடுக்கிக் கட்டுவதுதான் எங்கள் பக்கத்து வீடு; பெரியம்மாவுடையதற்கு அடுத்த கல் வட்டம் எங்களுடையது.

"கல்தூமா, உங்க அத்தானுக்கு வேலி கட்டத் தெரியுமான்னு கேளு. ஆடுகூடச் சிரிக்குது அந்த வேலியப் பாத்து."

வார்துகு சுவரைப் பார்த்தபடி சொல்வான்: "கல்தூமா, பெரியம்மா ஆடுங்க எப்பவுமே சிரிச்ச முகம்னு சொல்லு."

இருவருக்கும் ஒருவர் பேசியது மற்றவர் காதில் நன்றாகவே விழும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நான் அங்கே இருந்தால் போதும்.

அந்த வருஷம் கோடை முடிவில், பேரீச்சை பழுத்துக் குலைகள் தொங்கிக்கொண்டிருந்த நேரம், மலையில் மழை பெய்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழவில்லை. கறுப்புப் பாறைகளுக்கு அப்பால் இடி மட்டும் உருண்டது. கிழவர்கள் கையேந்தி வேண்டிக்கொண்டார்கள். நாங்கள் பாய்களையும் ஆடுகளையும் கரை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டோம். தண்ணீர் வந்தது. மண் நிறத்தில், வேலமரங்களை வேரோடு புரட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு வந்தது. அப்படி ஒரு வெள்ளம் என் வாழ்நாளில் வந்ததில்லை. அது வடிந்தபோது தோட்டங்களில் புது வண்டல் படிந்திருந்தது. கிணறுகள் நிரம்பியிருந்தன. பழங்கள் மரத்திலேயே இருந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். பெரியம்மா அன்று ஒரு ஆட்டை அறுத்து எல்லோருக்கும் கறி போட்டாள்.

மறுநாள் காலையில் சுகுமியின் கழுதை அவருடைய தோட்டத்தில் வெடித்துச் சிதறியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கழுதை எப்படி வெடிக்கும்? வார்துகுதான் கரையில் மண்டியிட்டு, வண்டலில் பாதி புதைந்து கிடந்த ஒன்றைக் காட்டினான். தட்டையான டப்பா, உள்ளங்கை அகலம்கூட இல்லை. மண் நிறம். இரும்பு இல்லை, எடையே இல்லாத பிளாஸ்டிக். கணவாயில் இருந்தவற்றை வெள்ளம் உருட்டி எடுத்துவந்து தோட்டந்தோறும் விதைத்துவிட்டுப் போயிருக்கிறது. எங்கே மேலாகக் கிடக்கிறது, எங்கே வண்டலுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்ல யாராலும் முடியாது.

"படை போய் இத்தனை வருஷம் ஆச்சே," என்றார் சுகுமி. அவர் கையில் கழுதையின் கயிறு இருந்தது.

"அதுங்களுக்கு வயசாகாது மாமா," என்றான் வார்துகு.

பக்கத்து நகரமான பர்தாயில் இருந்து அதிகாரிகள் வண்டியில் வந்தார்கள். கரையோரக் கற்களில் அபாயக் குறியாகச் சிவப்பு மை பூசினார்கள். எடுப்பதற்குக் கருவியும் ஆட்களும் தலைநகரிலிருந்து வர வேண்டும், அதுவரை யாரும் இறங்காதீர்கள் என்றார்கள். எங்கள் டீயைக் குடித்தார்கள். நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். பிறகு போய்விட்டார்கள்.

நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வேறென்ன செய்ய? பழம் கனிந்து, கறுத்து, சுருங்கி, தானாகவே உதிர்ந்தது. உதிர்ந்ததைப் புறாக்கள் தின்றன. நரி தின்றது. ஒரு விடியலில், கழுத்தில் தாடி தொங்கும் காட்டுச் செம்மறிகள் மூன்று நான்கு மேட்டிலிருந்து இறங்கிவந்து பெரியம்மாவின் மரத்தடியில் நின்று மேய்ந்தன. மனிதவாடை பட்டால் கணத்தில் மறையும் மிருகம் அது. எங்கள் ஆண்கள் துப்பாக்கி தூக்கி அதைத் தேடி நாள்கணக்கில் அலைவார்கள். இப்போது கூப்பிடு தூரத்தில் நின்று எங்கள் பழத்தை அசைபோடுகிறது. சுட்டால் விழும். விழுந்ததைப் போய் எடுப்பது யார்?

"தின்னு, தின்னு," என்றாள் பெரியம்மா. "எவனோ ஏத்தம் இறைச்சான், எவளோ மருமகளாட்டம் வந்து உக்காந்து திங்கிறா."

அவள் ஆடுகளும் கரையில் நிற்கவில்லை. யார் தடுத்தாலும் தோட்டத்தில் இறங்கித் தின்றுவிட்டு, வயிறு உப்பி மாலையில் திரும்பிவந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாள்தோறும் பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பெரியம்மா, வேணாம்."

"என்ன வேணாம்?"

"நீங்க நினைக்கிறது வேணாம்."

"ரெண்டு ஆட்டுக்கு மேல நான் கனம் இருப்பேனாடி? குளிர்காலத்துக்கு வீட்ல ஒரு பை பழம் இல்ல. மினே வயித்துல புள்ள. சிவப்புக் கல்ல வேகவச்சுக் குடுக்கவா?"

ஒரு நண்பகல், எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கியிருந்தபோது, அவள் தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுத் தடத்தில் இறங்கிவிட்டாள். அவள் தன் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதுதான் கொடுமை. பை நிறையப் பொறுக்கினாள். திரும்பும்போது பாதி வழியில் நின்றாள். நான் கரைக்கு ஓடிப் பார்த்தபோது, அவள் ஒரு காலை முன்னே வைத்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால், ஆடு கிளறிவிட்ட மண்ணில், டப்பாவின் விளிம்பு தெரிந்தது. அதே ஆட்டுத் தடத்தின் மேல்தான் அது இருந்தது. ஆடுகள் அத்தனை நாளும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கின்றன.

ஊரே கரைக்கு வந்துவிட்டது. வந்து என்ன? எல்லோரும் கரையிலேயே நின்றோம். வாய் வலிக்கக் கத்தினோம்.

"போன தடத்துலயே பின்னால போ!" என்றார் சுகுமி.

"பின்னால போனா எங்க போறது? மரத்துக்கா? மரத்துல குடித்தனம் பண்ணச் சொல்றியா?" என்று அங்கிருந்தே பதில் வந்தது.

தண்ணீர்ப் பையைச் சுழற்றி வீசினோம். அது பாதி தூரத்தில் விழுந்தது. விழுந்த இடத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மினே கண்ணை மூடிக்கொண்டாள். பிற்பகல் காற்று எழுந்தது. முதலில் கணுக்கால் உயரத்தில் மணல் நகர்ந்தது. பெரியம்மாவின் காலடித் தடங்கள் ஓரம் மழுங்கின. பிறகு ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. அவளுக்கு முன்னால் தெரிந்த டப்பாவின் விளிம்பும் மணலுக்குள் போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வார்துகு அப்போதுதான் ஒட்டகங்களோடு வந்து சேர்ந்தான். தலைப்பாகைத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டு, தோட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி என்னிடம் சொன்னான்: "கல்தூமா, பெரியம்மாவ உக்காரக் கூடாதுன்னு சொல்லு. காலத் தூக்கக் கூடாது. நான் வரேன்னு சொல்லு."

நான் கத்தினேன். காற்று என் குரலைத் தின்றுவிட்டது. மறுபடி கத்தினேன். பெரியம்மா கையைக் காதுக்குக் கொடுத்தாள். உட்காரப் போவதுபோல் முழங்காலை மடக்கினாள்.

வார்துகு திரும்பினான். துணி முகத்திலிருந்து அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"அத்தே! உக்காராதீங்க! அப்படியே நில்லுங்க!"

பெரியம்மா விறைத்து நின்றாள். கை தன்னால் முக்காட்டைத் தேடியது.

"மூஞ்சிய மூடுடா, வெக்கங்கெட்டவனே!" என்று கத்தினாள்.

"அப்புறம் மூடிக்கறேன் அத்தே! கால அசைக்காதீங்க!"

அவன் குப்புறப் படுத்தான். கத்தியைச் சாய்த்து மண்ணுக்குள் நுழைத்து, எடுத்து, விரலகலம் தள்ளி மறுபடி நுழைத்து, உடம்பு அகலத்துக்கு ஒரு வழி உண்டாக்கிக்கொண்டே போனான். படையில் இருந்தபோது பிறர் செய்வதைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். ஓரிடத்தில் நிறுத்தி, மணலை ஊதி, சுற்றி வளைத்துப் போனான். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்துக்கு அவளிடம் போய்ச் சேர்ந்தான். தன் தலைப்பாகைத் துணியின் ஒரு முனையை அவள் பக்கம் எறிந்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் முன்னால் நடந்தான். அவள் அவன் மிதித்த இடத்திலேயே மிதித்து வந்தாள். பழப் பையை விடவில்லை.

கரை ஏறியதும் இருவரும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அவன் அன்று வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள்.

"என்னை அத்தைன்னு கூப்பிட்டான்ல?"

"ஆமா."

"நல்ல குரலு," என்றாள்.

அது அதோடு முடிந்திருந்தால் ஊர் சிரித்துப் பேசுகிற கதையாக இருந்திருக்கும். ஆனால் இரண்டே நாளில் ஆட்கள் வார்துகுவைத் தேடி வந்தார்கள். மரத்தில் இன்னும் பழம் இருக்கிறது, கிணற்றடி வரைக்கும் ஒரு வழி போட்டுக் கொடு, ஏற்றத்துக்கு ஒரு வழி போட்டுக் கொடு. யாரும் வற்புறுத்தவில்லை. வந்து உட்கார்ந்து, குடித்த டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போகாமல் இருந்தார்கள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. முதல் தோட்டத்தில் ஐந்தாறு டப்பாக்களை எடுத்துக் கரையில் அடுக்கினான். இரண்டாவது தோட்டத்திலும் எடுத்தான்.

பெரியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவனை நேராகத் தடுக்க அவளால் முடியாது. மினேயிடம் சொன்னாள்.

"நான் சொல்லிட்டேன்மா. சரிங்கிறான். காலைல போயிடறான்."

என்னிடம் சொன்னாள். நான் போய்ச் சொன்னேன். அவன் சொன்னான்: "சுகுமி மாமா தோட்டம் மட்டும்தான். அவருக்குக் கழுதையும் போச்சு. அதோட நிறுத்திடறேன்னு சொல்லு."

சுகுமியிடம் போனாள். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாதவள் அவர் வாசலில் நின்று கெஞ்சினாள். "ஏத்தத்துல ஏறி உக்காந்தியே, அன்னிக்கு உன்னைக் குத்தாம விட்டேன்ல? அதுக்காவது வேணாம்னு சொல்லு அவன்கிட்ட."

சுகுமி தலையைக் குனிந்துகொண்டார். "என் பேரனுங்க பசியில இருக்கானுங்க கெல்லிமி."

அவர் சொன்னதும் உண்மைதான்.

மறுநாள் அதிகாலையிலேயே பெரியம்மா தோட்டத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். முக்காட்டை முகம் மூட இழுத்து, கற்சிலை மாதிரி இருந்தாள். வார்துகு வந்தான். மாமியார் உட்கார்ந்திருக்கும் வழியை மருமகன் தாண்ட முடியாது. துணியை இழுத்து மூடிக்கொண்டு, முதுகைக் காட்டித் தூரத்தில் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. இருவரும் எழுந்திருக்கவில்லை. அன்று அவன் தோட்டத்துக்குப் போகவில்லை. பெரியம்மா வீட்டுக்கு வந்து நெடுநாளைக்குப் பிறகு வயிறாரக் கஞ்சி குடித்தாள்.

அதற்கு அடுத்த நாளும் போய் உட்கார்ந்தாள். அவன் வரவில்லை. மனம் மாறிவிட்டான் என்று நினைத்தாள். அவன் பாறைகளைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கமாகச் சுகுமியின் தோட்டத்தில் இறங்கியிருந்தான். பெரியம்மா பாதையில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. கோரெய் போன அன்று கேட்ட அதே சத்தம்தான் என்று பிறகு சொன்னாள். அவள் எழுந்து ஓடவில்லை. எங்கே ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே மண்ணை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் சாகவில்லை. அவன் போட்டிருந்த வழியிலேயே சுகுமி உள்ளே போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது. முகத்தில் கண்கள் இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. ஒட்டகத்தில் பாய் கட்டிப் பர்தாய்க்குக் கொண்டுபோனார்கள். மினே நிறைவயிற்றோடு கூடவே நடந்தாள். பிள்ளை அங்கேதான் பிறந்தது. பெண் குழந்தை.

அவர்கள் திரும்பி வரும்போது குளிர்காலம். அதற்குள் கருவியோடு ஆட்கள் வந்து, கொஞ்சம் இடத்தைத் துப்புரவு செய்துவிட்டு, மறுபடி வருகிறோம் என்று போயிருந்தார்கள். அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம் டப்பாக்கள் இறங்கின. துப்புரவு செய்த இடம் எது என்று இப்போது யாருக்கும் தெரியாது. சிவப்பு மையும் மங்கிவிட்டது. தோட்டங்களில் அடிமரத்தைச் சுற்றிக் கன்றுகள் வெட்டுவாரில்லாமல் புதராகிவிட்டன. காட்டுச் செம்மறி இப்போது குட்டிகளோடு வருகிறது. ஊரில் இளைஞர்கள் பாதிப்பேர் வடக்கே தங்கம் தோண்டப் போய்விட்டார்கள். சுகுமி வார்துகுவைப் பார்க்க வாரம் தவறாமல் வருவார். உள்ளே வரமாட்டார். வெளியே கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பெரியம்மா அவருக்கு டீ கொடுத்தனுப்புவாள். திட்டமாட்டாள். அவளிடம் அந்த வாய் இப்போது இல்லை.

இரண்டு குடும்பம் தனித்தனியே அடுப்பெரிக்க வழியில்லை. மகள், மருமகன், குழந்தை எல்லோரும் பெரியம்மாவின் கல் வட்டத்துக்கே வந்துவிட்டார்கள். நடுவில் ஒரு பாயைத் தொங்கவிட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மினே ஆடு மேய்க்கப் போகும் நாளில் பெரியம்மாதான் அவனுக்குக் கஞ்சி வைக்க வேண்டும். கிண்ணத்தை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுச் சத்தமாகக் காலைத் தேய்த்து நடந்து வெளியே வருவாள். சுவருக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அவன் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான்.

"கல்தூமா, போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க அத்தான்."

அப்புறம்தான் கிண்ணத்தைத் தடவி எடுப்பான். அவனுக்குப் பார்வை போய்விட்டது, இனி எதற்கு முக்காடு என்று ஊரில் சிலர் கேட்டதுண்டு. பெரியம்மா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றும் அவன் இருக்கும் பக்கம் போகும்போது முகத்தை மூடிக்கொண்டுதான் போகிறாள்.

இடது கையாலும் பல்லாலும் அவன் ஈச்ச நாரில் கயிறு திரிக்கப் பழகியிருக்கிறான். முறுக்கு நிற்பதில்லை. நேற்று நான் போனபோது பாய்க்கு இந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒரு கயிற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கல்தூமா, இதக் கட்டி வச்சா ஆடு நிக்குமான்னு கேளு."

பாய்க்கு அந்தப் பக்கமிருந்து நார் இழுக்கும் ஓசை மட்டும் வந்தது. பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதாவது பதிலுக்குச் சொல்லமாட்டானா என்று அவள் முகம் கெஞ்சியது. நாரை இழுக்கும் ஓசை தொடர்ந்து கேட்டது. கடைசியில் அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசலில் நின்ற வெள்ளாட்டை அதில் கட்டினாள்.